பலகை இருக்கிறது, ஆள் எங்கே?

அரசுக் கல்லூரிகளில் முதல்வர் அறைக்கு வெளியே உள்ள சுவரில் பெயர்ப்பலகைகள் வரிசையாக இருக்கும். ராகிங் தடுப்புக் குழு, உள்ளகப் புகார்க் குழு, எஸ்சி/எஸ்டி நலப் பிரிவு, சமவாய்ப்பு மையம், குறைதீர்ப்புக் குழு, மாணவர் ஆலோசனை மையம். ஒவ்வொரு பலகையிலும் நான்கைந்து ஆசிரியர்களின் பெயர்கள், கைபேசி எண்கள். நின்று படித்தால் ஒரே ஆசிரியரின் பெயர் மூன்று பலகைகளில் வருவது தெரியும். யுஜிசி விதிப்படி உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். அதற்கு மேல் தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம், சேர்க்கை வேலை, கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்கான கோப்புகள். இவ்வளவுக்கும் நடுவே கிடைக்கிற இடைவேளையில்தான் அந்த மூன்று குழுக்களையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மாணவி கண்கலங்கி வந்து நின்றால், அவர் முதலில் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அடுத்த வகுப்பில் அறுபது பேர் காத்திருக்கிறார்கள்.

மாணவர் நலனை ஆசிரியரின் ஓய்வு நேர வேலையாக வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டும் என்று இந்த நாளேடு கருதுகிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இதையே முழுநேர வேலையாகச் செய்யும் மாணவர் நல அலுவலரும் மனநல ஆலோசகரும் வேண்டும். அவர்கள் நிரந்தரப் பணியிடத்தில், துறைத் தலைவர்களின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47. இதற்குப் பின்னால் பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. 69 விழுக்காடு இட ஒதுக்கீடு, முதல் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் என்று ஆட்சிகள் மாறினாலும் இந்தப் பாதை மாறவில்லை. திருநங்கையர், திருநம்பியரின் உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. இன்று ஒரே வகுப்பறையில் வீட்டின் முதல் பட்டதாரி இருக்கிறார், பார்வை மாற்றுத்திறனாளி இருக்கிறார், மலைக் கிராமத்துப் பழங்குடி மாணவர் இருக்கிறார், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து பேருந்தேறி வருகிற பெண் இருக்கிறார். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்திராத பிள்ளைக்கு அரியர் என்றால் என்ன, இன்டர்னல் என்றால் என்ன, எந்தத் தேதிக்குள் எந்தப் படிவத்தைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. கல்லூரியிலும் இல்லையென்றால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

கல்வி உதவித்தொகையையே எடுத்துக்கொள்வோம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநில அரசின் பங்கு 40. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒன்றிய அரசின் பங்கு நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அதை எடுத்து அவர்தான் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். காகிதத்தில் எளிமையான ஏற்பாடுதான். ஆனால் பணம் போய்ச் சேர்வது ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கு. மாணவர் விண்ணப்பத்தோடு கொடுத்த பாஸ்புத்தகம் ஒன்றாக இருக்கும். ஆதார் இணைந்திருப்பது பள்ளிக் காலத்தில் ஊரில் தொடங்கிய வேறொரு கணக்காக இருக்கும். அந்தக் கணக்கு முடங்கியிருந்தால் பணம் திரும்பிப் போய்விடும். மாணவர் கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் "பேங்க்ல கேளு" என்பார்கள். வங்கியில் கேட்டால் "காலேஜ்ல கேளு" என்பார்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம், அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், மறுபடி கல்லூரி என்று அலைவதில் வகுப்புகள் போகின்றன. வகுப்பு போனால் வருகைப்பதிவு குறைகிறது. வருகைப்பதிவு குறைந்தால் ஹால் டிக்கெட்டுக்கு அபராதம். விவரம் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தீர்ந்துவிடும் சிக்கலில் ஒரு பருவமே வீணாகிறது. பணம் தாமதமாகிறது என்பதற்காகத் தனியார் கல்லூரிகள் சில சான்றிதழ்களைப் பிடித்து வைக்கும் வழக்கமும் இருக்கிறது. அங்கே மாணவருக்காகப் பேச ஒரு அலுவலர்கூட இல்லை.

விடுதிகளின் நிலை இன்னும் வருத்தம் தருவது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளுக்கு 2025-ல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயரை வரவேற்கலாம். ஆனால் பெயர் வயிற்றை நிரப்பாது. கல்லூரி விடுதி மாணவர் ஒருவருக்கான மாத உணவுத்தொகை 2023-ல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 50 ரூபாய். இந்த 50 ரூபாய்க்குள் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் முடிய வேண்டும். இன்று சாலையோரக் கடையில் இரண்டு வேளைச் சிற்றுண்டிக்கே அது போதாது. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் பசியோடு படுத்துப் பசியோடு எழுந்தால் படிப்பு எப்படி ஏறும்? விலைவாசிக் குறியீட்டோடு இந்தத் தொகையைச் சேர்த்துக் கட்டி, ஆண்டுதோறும் தானாக உயரும்படி செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் போராடிப் பெறுகிற சலுகையாக இது இருக்கக் கூடாது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. தேர்வில் எழுத்தர் உதவி பெறுவோருக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென்றே தனிப் பட்டப்படிப்புகள் நடக்கின்றன. இவ்வளவு இருந்தும், பார்வையற்ற மாணவர் தேர்வுக்கு முந்தைய நாள் வரை எழுத்தரைத் தேடி அலைவது பல கல்லூரிகளில் நிற்கவில்லை. தன் சார்பாக எழுத வருகிறவர் பாடத்தின் கலைச்சொற்களைப் பிழையில்லாமல் எழுதுவாரா என்பதே தெரியாமல் தேர்வறைக்குள் போகிறார் அவர். ஆண்டு முழுக்க எழுத்தர் பட்டியலை வைத்துக்கொண்டு, தேர்வு அட்டவணை வந்தவுடன் ஆளை ஏற்பாடு செய்வது ஒருவரின் வேலையாக இருந்தால் இந்தத் தவிப்பு ஏன் வரும்? எவருடைய வேலையும் இல்லை என்பதால் அது மாணவரின் வேலையாகிவிட்டது.

மனநலத்தை எடுத்துக்கொண்டால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில், ஓய்வுபெற்ற நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தலைமையில் மாணவர் மனநலத்துக்கான தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வேறொரு வழக்கில் நாடு முழுமைக்கும் வழிகாட்டு நெறிமுறைகளைப் பிறப்பித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்கிறது அது. விடுதி மின்விசிறிகளில் பாதுகாப்புக் கருவி பொருத்த வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. கருவியை வாங்க ஒரு டெண்டர் போதும். ஆளை நியமிக்கப் பணியிடம் வேண்டும், அரசாணை வேண்டும், நிதித்துறை ஒப்புதல் வேண்டும். எளிதானதை முடித்துவிட்டு உத்தரவை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டும் ஆபத்து இங்கே நிறையவே இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் 2022 இறுதியில் 'மனம்' என்ற மனநல நல்லாதரவு மன்றங்களைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. 14416 என்ற தொலைபேசி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் விடுதிக் காப்பாளரிடம் பேச முடியாது, மாணவனோடு மருத்துவமனைக்குப் போக முடியாது, மறுவாரம் அவன் வகுப்புக்கு வந்தானா என்று பார்க்கவும் முடியாது.

ஆசிரியர்களையே வழிகாட்டிகளாக நியமித்து, ஆளுக்கு இருபது முப்பது மாணவர்களைப் பிரித்துக் கொடுத்திருக்கிறோமே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பரிவுள்ள ஆசிரியர்கள் பலர் இதில் உண்மையாக உழைக்கிறார்கள். தம் பையிலிருந்து தேர்வுக் கட்டணம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அக மதிப்பெண் போடும் கையும் மனக்குறை கேட்கும் காதும் ஒருவருடையதாக இருந்தால் மாணவர் எதைச் சொல்வார், எதை மறைப்பார்? வகுப்பில் சாதியைக் குத்திக்காட்டிப் பேசியவர் அந்த வழிகாட்டியின் சக ஆசிரியராக இருக்கலாம். தொல்லை தந்தவர் துறைத் தலைவராக இருக்கலாம். புகாரை விசாரிக்கும் குழுவில் அதே துறைத் தலைவரோடு தினம் தேநீர் குடிப்பவர்கள் இருப்பார்கள். தில்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தை ஆராய்ந்த பேராசிரியர் சுகதேவ் தோரட் குழு, விடுதியில் தொல்லை தாங்காமல் அவர்கள் சில தளங்களில் ஒதுங்கி வாழ நேர்ந்ததை 2007-லேயே பதிவு செய்தது. 2012-ல் யுஜிசி பாகுபாடு தடுப்பு அலுவலரையும் சமவாய்ப்பு மையத்தையும் கட்டாயமாக்கியது. அந்த அலுவலரும் கூடுதல் பொறுப்பு வகிக்கும் ஆசிரியராகவே இருந்தார். 2016 ஜனவரியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா உயிரை மாய்த்துக்கொண்டபோது அந்த விதிகள் வந்து நான்காவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன்வரலாறு இருக்கிறது. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங் கொடுமையில் கொல்லப்பட்டபோது நாடே அதிர்ந்தது. தமிழ்நாடு ஒன்றிய அரசுக்காகக் காத்திருக்கவில்லை. 1997-ல் ராகிங்கைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. அதே வேகம் இப்போது தேவை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நேர்ந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு கேமராக்களைப் பற்றியும் காவலாளிகளைப் பற்றியும் நிறையப் பேசினோம். அவை அவசியமே. பாதிக்கப்பட்ட பெண் மறுநாள் யாரிடம் போவார், காவல் நிலையத்துக்கு அவரோடு யார் வருவார், தவறிய தேர்வை மீண்டும் எழுத யார் ஏற்பாடு செய்வார் என்பதைப் பற்றி அதே அளவு பேசவில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஊதியமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தள்ளிப்போனதைப் பார்த்தோம். எனவே இந்தச் சுமையைப் பல்கலைக்கழகங்களின் தலையில் கட்டக் கூடாது; ஊதியத்தை மாநில அரசே கருவூலம் வழியாகத் தர வேண்டும். தமிழ்நாட்டில் 160-க்கும் மேற்பட்ட அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரிக்கு இருவர் என்றால் முதல் கட்டத்துக்குச் சுமார் 350 பணியிடங்கள் போதும். அடுத்த கட்டத்தில் அரசு உதவிபெறும் கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் சேர்க்கலாம். தகுதியானவர்களுக்குப் பஞ்சமில்லை. 1952 முதல் இயங்கும் சென்னை சமூகப்பணிக் கல்லூரி தொடங்கிப் பல கல்லூரிகள் ஆண்டுதோறும் சமூகப் பணியிலும் உளவியலிலும் முதுகலைப் பட்டதாரிகளை அனுப்புகின்றன. அவர்களில் பலர் படிப்புக்குத் தொடர்பில்லாத வேலைகளில் இருக்கிறார்கள்.

நாங்கள் படித்த காலத்தில் ஆலோசகரா இருந்தார், நாங்கள் படிக்கவில்லையா என்று கேட்கும் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று கல்லூரிக்கு வந்தவர்கள் சிலர். வந்தவர்களில் பாதியில் நின்றவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. கரை சேர்ந்தவர்கள் மட்டுமே இன்று சாட்சி சொல்ல இருக்கிறார்கள்.

கூடவே ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுக்கு ஒருமுறை சில கணக்குகளை வெளியிட வேண்டும். எத்தனை பேருக்கு உதவித்தொகை எந்த மாதத்தில் வந்தது, எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், எத்தனை புகார்கள் வந்து எத்தனை நாளில் முடிந்தன, சாய்தளமும் மாற்றுத்திறனாளிக் கழிப்பறையும் எந்தெந்தக் கட்டடத்தில் இருக்கின்றன. பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். மாணவர் ஆதரவுக்கென்று நாக் மதிப்பீட்டில் தனிப் பிரிவே இருக்கிறது. அதற்குக் குழு அமைத்த ஆணையைக் காட்டுவதைவிட இந்தக் கணக்கைக் காட்டுவது பொருத்தம்.

அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கை தொடங்குமுன் உயர்கல்வித் துறை இதற்கான அரசாணையைப் பிறப்பிக்க வேண்டும். அதில் தொகுப்பூதியம், அவுட்சோர்சிங், ஓராண்டு ஒப்பந்தம் என்ற சொற்கள் இடம்பெறக் கூடாது. அரசுக் கல்லூரிகளின் வகுப்பறைகளைப் பல ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு ஓட்டுகிறோம். அவர்களின் நிச்சயமற்ற வாழ்க்கை பாடத்தைப் பாதிப்பதைக் கண்ணாரக் காண்கிறோம். ஆலோசகர் பணியில் அந்தப் பாதிப்பு பன்மடங்காகும். தன் வீட்டுக் கடனையும் தன் சாதியால் பட்ட அவமானத்தையும் ஒரு பெண் ஒருவரிடம் நம்பிச் சொல்ல ஓராண்டு பிடிக்கும். ஜூனில் அவருடைய ஒப்பந்தம் முடிந்து அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால், அவள் இரண்டாம் முறை அந்த அறைக்குப் போகமாட்டாள்.