எண்பது இலட்சம் ரூபாப் படகு

சென்ற வாரம் இரவு ஒன்பது மணியளவில் இராமேஸ்வரத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. "மாமா, இருக்கிற போட்டைக் கொடுத்திட்டு ஆழ்கடல் போட்டு எடுக்கலாமான்னு அப்பா யோசிக்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

அக்கரப்பத்தனையில் இருப்பவனிடம் படகு வாங்க யோசனை கேட்பது, கடற்கரையில் இருப்பவனிடம் கவ்வாத்து வெட்ட யோசனை கேட்பதைப் போன்றதுதான். ஆனாலும் அந்தப் பிள்ளை என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவனுடைய அப்பாவும் நானும் இதே தோட்டத்துப் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டபோது நாங்கள் பிறக்கவே இல்லை. ஆனால் 1982இல் அந்த ஒப்பந்தம் என் நண்பனின் குடும்பத்தைத் தேடி வந்தது. தலவாக்கலையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். தாயகம் திரும்புகிறார்கள் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. நண்பன் அதற்கு முன்னர் கடலைக் கண்டதே இல்லை.

பிழைக்க வழியின்றி அவன் விசைப்படகில் கூலியாக ஏறினான். பின்னர் ஓட்டுநரானான். இருபது வருடம் கழித்து, கடன் வாங்கிப் பழைய இழுவைப்படகு ஒன்றைச் சொந்தமாக்கிக் கொண்டான். நாங்கள் 'றோலர்' என்று சொல்லும் அதே படகுதான். இப்போது அதை விட்டுவிட்டுப் பெரிய படகு ஒன்று வாங்கலாமா என்பது கேள்வி. தொலைபேசியில் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சற்று விரிவாக எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. உலகின் வேறு மூலைகளில் இருந்துகொண்டு, ஊரிலுள்ள தம்பிக்கோ மைத்துனனுக்கோ படகு வாங்கப் பணம் அனுப்பலாமா என்று யோசிக்கும் நண்பர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பாக்கு நீரிணையில் இழுவைப்படகுகளைக் குறைத்து, மீனவர்களை ஆழ்கடலுக்கு அனுப்புவதற்காக இந்திய மத்திய அரசும் தமிழக அரசும் 2017இல் ஒரு திட்டத்தை அறிவித்தன. அவ்வாண்டு ஜூலை 27ஆம் திகதி, அப்துல் கலாம் நினைவகத்தைத் திறக்க வந்த பிரதமர் மோடி, அதற்கான அனுமதிக் கடிதங்களை மீனவர்களிடம் வழங்கினார். ஒரு படகின் விலை 80 இலட்சம் இந்திய ரூபா. அதில் பாதியை மத்திய அரசு தரும். 20 வீதம் மாநில அரசு. 20 வீதம் வங்கிக் கடன். மிகுதி 10 வீதம் மீனவர் கையிலிருந்து. மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்பது இலக்கு. பழைய இழுவைப்படகை உடைப்பதற்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

80 இலட்சத்துப் படகு 24 இலட்சத்துக்குக் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆயினும் ஐந்து ஆண்டுகள் சென்ற பின்னரும் கடலில் இறங்கிய படகுகளின் எண்ணிக்கை நூறைக்கூடத் தொடவில்லை. 2020இல் வந்த பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆழ்கடல் படகு ஒன்றின் விலையே 1.20 கோடி ரூபா என்று கணக்கிடப்பட்டது. எண்பது இலட்சம் போதாது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மீனவர்கள் ஏன் தயங்கினார்கள்? அவர்களுக்கு அறிவில்லை, மாற்றத்தை விரும்பவில்லை என்று நகரத்து மேசைகளில் எழுதினார்கள். அது எனக்கு உடன்பாடானதல்ல. எங்கள் மலையில் ஒரு பேச்சு உண்டு: மெஷின் பெரிதாக இருந்தால் போதாது, கொழுந்து வர வேண்டும். வாட்டும் தொட்டியும் அரைக்கும் பொறியும் எவ்வளவு விலை உயர்ந்தவையாக இருந்தாலும், மலையிலிருந்து கொழுந்து இறங்காத நாளில் அந்தத் தொழிற்சாலை ஒரு தகரக் கொட்டகைதான். படகும் அப்படியே.

பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி பத்து மீற்றரைச் சுற்றித்தான். அங்கே விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்று ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. காலையில் புறப்பட்டு மறுநாள் காலை கரை திரும்புவது அவர்களின் தொழில். வலையை அடியில் இழுத்தால் இறால் வரும், நண்டு வரும், குஞ்சு மீனும் வரும். ஆழ்கடல் தொழில் இதற்கு முற்றிலும் வேறானது. இரண்டு, மூன்று வாரங்கள் கடலிலேயே கிடக்க வேண்டும். கிலோமீற்றர் கணக்கில் நீளும் தாய்க்கயிறு, அதிலிருந்து தொங்கும் நூற்றுக்கணக்கான தூண்டில்கள், இரை, நீரோட்டம், நிலவு என்று எல்லாமே புதிய பாடம்.

பிடித்த பின்னரும் வேலை முடிவதில்லை. நம் மீன்கடைகளில் கெலவல்லா என்று சொல்கிறோமே, அந்தச் சூரை மீன் தூண்டிலில் போராடும்போது அதன் உடல் சூடேறிவிடும். உடனே கொன்று, இரத்தத்தை வடித்து, குடலை நீக்கி, பனிக்கட்டியில் புதைக்க வேண்டும். சற்றுத் தாமதித்தால் சதையின் நிறமும் தரமும் கெடும். ஜப்பானியன் பச்சையாகத் தின்பதற்கு வாங்கும் மீன், டின்னில் அடைக்கும் மீனாக இறங்கிவிடும். அதே படகு, அதே டீசல், அதே உழைப்பு. விலை மட்டும் பல மடங்கு குறைவு. ஆகவே 80 இலட்சம் என்பது படகின் விலைதான், தொழிலின் விலையல்ல. ஒவ்வொரு பயணத்துக்கும் டீசல், ஐஸ், இரை, சாப்பாடு என்று இலட்சங்களை முன்பணமாகப் போட வேண்டும். அதை வங்கி தராது. ஏல வியாபாரி தருவார். கொடுத்தவர் மீனுக்குத் தாமே விலை வைப்பார். தோட்டத்துக் கடையில் கொப்பி வைத்துக் கடன் வாங்கிய எங்களுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இலங்கையின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1950களின் பிற்பகுதியில் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் அறிமுகமாயின. 1980களிலிருந்து பலநாள் கலங்கள் பெருகின. நீர்கொழும்பு, பேருவளை, தெவிநுவர, தங்காலை என்று மேற்கிலும் தெற்கிலும் அவை செழித்தது உண்மை. அந்தச் செழிப்பு ஒரே நாளில் மானியத்தால் வந்ததல்ல. துறைமுகம், ஐஸ் தொழிற்சாலை, படகு கட்டும் இடம், ஏற்றுமதி நிறுவனம் என்று ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்ந்து இரண்டு தலைமுறையில் வந்தது. அப்படி வந்த தொழிலும் ஆட்டங் கண்டது. ஆழ்கடலில் சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று கூறி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. 2016 ஜூனில்தான் அது நீங்கியது. விதியை மீறியவை சில படகுகள். அடி வாங்கியதோ எல்லோரும்.

பின்னர் 2022. ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. அதுவும் கிடைக்கவில்லை. கோடிகள் போட்டு வாங்கிய கலங்கள் துறைமுகங்களில் கட்டிக் கிடந்தன. வட்டி மட்டும் ஓய்வெடுக்கவில்லை. சிறிய படகு என்றால் பாதுகாப்பு என்று சொல்லவும் முடியாது. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் பாய்ந்தபோது கரையோரத்துச் சிறு படகுக்காரர்களும் முடங்கினர். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சிறு படகுக்காரன் பட்டினி கிடந்தான். பெரிய படகுக்காரன் பட்டினி கிடந்ததோடு கடனாளியாகவும் ஆனான்.

உயிரின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. திட்டத்துக் கடிதங்கள் வழங்கப்பட்ட நான்கு மாதங்களில், 2017 நவம்பர் இறுதியில், ஒக்கி புயல் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பகுதி மீனவர்கள், தமிழகத்தில் ஆழ்கடல் தூண்டில் தொழிலில் அவர்களை விஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவர்களே கரையின் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. தலைமுறை அனுபவம் உள்ளவர்களுக்கே அந்தக் கதி என்றால், ஒரு இரவுத் தொழிலுக்குப் பழகியவனை ஆழ்கடலுக்கு அனுப்புமுன் எத்தனை முறை யோசிக்க வேண்டும்!

அப்படியானால் இருக்கிற படகையே வைத்துக்கொள் என்று சொல்லலாமா? அதையும் என்னால் சொல்ல முடியாது. இதே பாக்கு நீரிணையின் இக்கரையில் பேசாலையும் குருநகரும் வல்வெட்டித்துறையும் இருக்கின்றன. போர்க்காலத்தில் கடலுக்குச் செல்லத் தடைகளையும் கட்டுப்பாடுகளையும் சந்தித்த மக்கள், 2009க்குப் பிறகு கடன் பட்டு வலை வாங்கினார்கள். இரவில் வந்த இழுவைப்படகுகள் அவ்வலைகளை அறுத்துக்கொண்டு போயின. வலை இழந்த ஒரு பேசாலைக்காரர் என்னிடம் ஒருமுறை கேட்டார்: "அண்ணை, அவையளும் தமிழர்தானே?" பத்திரிகைத் தொழிலில் பதில் சொல்ல முடியாமல் நான் நின்ற இடங்களில் அதுவும் ஒன்று. அந்தப் படகுகளில் ஒன்று என் நண்பனுடையதாக இருந்திருக்கலாம்.

2017 ஜூலையில் இலங்கை இழுவை மடித் தொழிலையே சட்டத்தால் தடை செய்தது. 2018 ஜனவரியில், எல்லை தாண்டும் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதம் கோடிக்கணக்கில் உயர்த்தப்பட்டது. இன்று பிடிபட்டால் படகு போகும், ஓட்டுநர் சிறை போவார். அடிக்கடல் அழிந்தால் இரு கரைக்கும் மீன் இல்லை. இழுவைப்படகுக்கு எதிர்காலம் கிடையாது. அதை விட்டாக வேண்டும். ஆனால் விட்டுவிட்டு எதைப் பிடித்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

என் பதில் இதுதான். தனி ஒருவன், தன் வீட்டையும் நகையையும் ஈடு வைத்து, ஆழ்கடல் படகு வாங்குவது தகாது. மானியம் எவ்வளவு பெரிதாயினும் தகாது. முதலில் மகன் ஒரு வருடம் தூத்தூர்ப் படகில் கூலியாகவேனும் ஏறட்டும். அவனுடைய அப்பாவும் அப்படித்தானே கடலைக் கற்றான்? தொழில் பிடிபட்டால், ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகு எடுக்கட்டும். படகு நிற்கத் துறை எங்கே, ஐஸ் எங்கே, மீனை எடுப்பவர் யார், கரையோடு பேசக் கருவி உண்டா, காப்புறுதி உண்டா என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே கையெழுத்து. அரசுகளும் இந்த வரிசையைத்தான் பின்பற்ற வேண்டும். படகைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது எளிது. ஐஸ் தொழிற்சாலையின் முன் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப நினைக்கும் நண்பர்களுக்கும் இதையே சொல்வேன். ஒரு மைத்துனனுக்கு ஒரு படகு என்று அனுப்பாதீர்கள். ஊர்ச் சங்கத்துக்குப் பனிக்கட்டி அறை, பயிற்சி, பயணச் செலவுக்கான சுழல்நிதி என்று கேட்டால் அனுப்புங்கள். அப்பணம் மூழ்காது.

எங்கள் அக்ரா ஓயா இந்த மலையிலிருந்து இறங்கி, கொத்மலை ஓயாவாகி, மகாவலியில் கலந்து, கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. அவசரமில்லாமல்தான் போகிறது. என் நண்பனின் குடும்பம் ஒருமுறை யாரோ எழுதிய காகிதத்தை நம்பிக் கடலைக் கடந்தது. இரண்டாவது காகிதத்தில் கையெழுத்து வைக்கும் முன்பாவது அவர்கள் கணக்குப் பார்க்கட்டும். நாளை இரவு ஒன்பது மணிக்கு நானே அழைத்துச் சொல்லப் போகிறேன்.