மதகுத் திருகுக்கு எண்ணெய் விட ஆள் உண்டா?



காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பினால் பேப்பரில் போட்டோ வருகிறது. கலங்கலில் தண்ணீர் வழிவதைப் பார்க்க நாமும் பிள்ளைகுட்டிகளோடு போகிறோம். தப்பில்லை, சந்தோஷம்தான். ஆனால் ஏரி நிரம்பியும் கடைமடைக்குத் தண்ணி ஏறாத வருஷத்தில் யாரைப் போய்க் கேட்பது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பல்லவர் காலத்து ஏரி இது. தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று. முழு உயரம் 30.65 அடி, கொள்ளளவு 1,474 மில்லியன் கன அடி, நேரடிப் பாசனம் 6,278 ஏக்கர். இதிலிருந்து தண்ணீர் பெறும் சிற்றேரிகள் வேறு. இவ்வளவு பெரிய சொத்துக்குத் தண்ணீர் எப்படி வருகிறது? 1850-களில் வாலாஜா பக்கம் பாலாற்றின் குறுக்கே கட்டிய அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாயில் வருகிறது. பாலாறு காவேரி மாதிரி மாசக்கணக்கில் ஓடுகிற ஆறு இல்லை. வந்தால் சில நாள், மிஞ்சிப் போனால் சில வாரம். அந்த நாட்களுக்குள் கால்வாய் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் நம் வருஷ வரும்படி. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த பெருவெள்ளத்தை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். பெரும்பகுதி கடலுக்குத்தானே போச்சு! மேலே ஆந்திராக்காரன் தடுப்பணை கட்டுகிறான் என்று நாம் போடும் கோஷம் நியாயமானது, அதை விட மாட்டோம். ஆனால் அதையும் தாண்டி வருகிற தண்ணீரை வாங்கிக்கொள்ள நம் கால்வாய் வாய் திறந்திருக்கிறதா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஒரு சம்பவம். ஏரி பெயர் வேண்டாம், அதிகாரி பெயரும் வேண்டாம். மதகின் திருகுக் கம்பி துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விடுங்கள், கிரீஸ் போடுங்கள் என்று மனு கொடுத்தோம். "எஸ்டிமேட் போட்டாச்சு, நிதி வரணும்" என்றார்கள். ஏரிக்குத் தண்ணி வந்ததும் நம் ஆட்களே கடப்பாரை போட்டுத் திருகினார்கள். பாதி திறந்த நிலையில் கம்பி முறிந்தது. அதற்கப்புறம் மூடவும் முடியலை, திறக்கவும் முடியலை. ராத்திரியில் கழுத்தளவு தண்ணியில் இறங்கி வைக்கோலையும் மணல் மூட்டையையும் திணித்தோம். கார்த்திகையும் மார்கழியும் தண்ணி ஒழுகிக்கொண்டே இருந்தது. தையில் நவரை நட்டவன் பங்குனியில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வெறும் ஏரியைப் பார்த்தான். மறு வருஷம் டெண்டர் விட்டுப் புது ஷட்டர் போட்டார்கள், பெயர்ப் பலகையும் வைத்தார்கள். அந்தப் பலகைக்கு அடித்த பெயிண்டின் விலை இருந்திருந்தால் முதல் வருஷமே கிரீஸ் வாங்கியிருக்கலாம்.

நம் வாதம் இதுதான். கட்டுவதற்குக் காசு வருகிறது, காப்பதற்கு வருவதில்லை. கட்டினால் திறப்பு விழா உண்டு, பில் உண்டு. எண்ணெய் விட்டதற்கு எவன் பில் போடுவான்? எலி வளை பார்த்து அடைப்பது, கரையில் வேலிக்காத்தான் கன்றாக இருக்கும்போதே பிடுங்குவது, கால்வாயில் காட்டாமணக்கை அறுப்பது, ஐப்பசிக்கு முன்னால் ஒவ்வொரு மதகையும் ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்ப்பது எல்லாம் சின்ன வேலைகள். சின்ன வேலை என்பதால்தான் நடப்பதில்லை.

முன்னே இதற்கு ஆள் இருந்தான். நீர்க்கட்டி என்றோம், கம்புக்கட்டி என்றோம். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று அவனுக்கு மனப்பாடம். களத்து மேட்டில் அவனுக்கு நெல் அளந்தோம். பாவம், அந்தக் குடும்பங்களுக்கு நாம் கொடுத்த மரியாதை கொஞ்சம், கூலியும் கொஞ்சம். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அந்த இடத்தில் சம்பளம் கொடுத்து ஆள் போட வேண்டியது சர்க்கார் பொறுப்பு.

இங்கிருந்து ரொம்ப தூரமில்லை உத்திரமேரூர். அங்கே கி.பி. 919, 921-ம் ஆண்டு கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று ஒரு குழுவே இருக்கிறது. குடவோலை போட்டு எடுப்பார்கள், 360 நாள் பதவி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் மறுபடி வர முடியாது. நாம் ராஜா காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. அந்தச் சபையில் உழைக்கிற சாதிக்கு இடமில்லை என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு ஷரத்தை மட்டும் இன்றைக்குக் கொண்டுவரட்டும் பார்ப்போம்!

வெள்ளைக்காரன் 1858-ல் குடிமராமத்துக்குச் சட்டம் போட்டான். உழைப்பு நம்மது, நிர்வாகம் அவனது. 2000-ல் நம் சட்டமன்றம் பாசனத்தை விவசாயிகளே மேலாண்மை செய்ய ஒரு சட்டம் செய்தது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், ஓட்டு, தலைவர் எல்லாம் அதில் உண்டு. 2017-ல் குடிமராமத்துத் திட்டம் வந்தது. நூறு ரூபாய் வேலையில் 10 ரூபாய் விவசாயி பங்கு, 90 சர்க்கார் பணம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல ஊரில் முன்னால் சங்கத்தின் பெயர், பின்னால் கான்ட்ராக்டர் என்று டீக்கடையில் பேசியதை மறைப்பானேன்? தூர் வாரியது எத்தனை அடி, வண்டல் எத்தனை லோடு, எங்கே போச்சு என்று ஆயக்கட்டுதாரருக்குக் கணக்குச் சொன்ன ஊர் இருந்தால், அந்த ஊர் சங்கத்துக்கு மாலை போட நாங்கள் தயார்.

இன்னொன்று யோசியுங்கள். நம் ஏரி கலங்கலில் வழிவதுதான் கொசஸ்தலையாறாகப் பூண்டிக்குப் போய் சென்னைக்குக் குடிநீராகிறது. அங்கே குழாயில் தண்ணி வராவிட்டால் புகார் சொல்ல போன் நம்பர் இருக்கிறது. பட்டாவில் நஞ்சை என்று எழுதி, புஞ்சையைவிடக் கூடுதல் தீர்வை போட்ட சர்க்கார், தண்ணீர் தருகிறேன் என்றுதானே அந்தக் கூடுதலைப் போட்டது? அப்படியென்றால் நாமும் வாடிக்கையாளர்தான். நமக்கு எந்த நம்பர்?

இலங்கையில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில், போகம் தொடங்கும் முன் விவசாயிகளும் அதிகாரிகளும் ஒரே கூட்டத்தில் உட்காருகிறார்கள். இவ்வளவு தண்ணி, இத்தனை ஏக்கர், திறப்பது இந்தத் தேதி என்று அங்கேயே முடிவாகிறது. சண்டையும் நடக்கும். நடக்கட்டுமே! அறைக்குள் எடுத்த முடிவைவிடக் கூட்டத்தில் போட்ட சண்டை மேல்.

நம் பக்கக் குறையையும் சொல்லிவிடுகிறோம். போர்வெல்லும் இலவச கரண்டும் உள்ளவர் கால்வாய் வெட்ட வருவதில்லை. ஏரி தண்ணி பிடித்தால்தான் அவர் போரிலும் தண்ணி என்பது மறந்துபோச்சு. வாய்க்கால் ஓரம் வரப்பைத் தள்ளித் தள்ளி நட்டவர்களில் நம் சங்கத்துக்காரரும் உண்டு. 2007-ல் ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமே வந்துவிட்டது. அதிகாரி வந்து அளக்கும் முன்னே நாமே வரப்பை இழுத்து வைப்போம். அப்போதுதான் பெரிய ஆக்கிரமிப்பைக் கை நீட்டிக் கேட்க முடியும்.

நாம் கேட்பது புது அணை இல்லை. ஒவ்வொரு மதகுக்கும் பொறுப்பான ஆள், அவர் பெயரும் போன் நம்பரும் மதகிலேயே எழுதியிருக்க வேண்டும். பராமரிப்புக்கென்று தனிப் பணம் வருஷா வருஷம் ஆடிக்குள் வர வேண்டும், புது வேலைக்குத் திருப்பக் கூடாது. அணைக்கட்டிலிருந்து ஏரி வரை கால்வாயை ஆவணிக்குள் விவசாயிகளும் நீர்வளத்துறையும் சேர்ந்து நடந்து பார்க்க வேண்டும். நடந்துதான், ஜீப்பில் இல்லை. செலவுக் கணக்கைப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்ட வேண்டும்.

ராணிப்பேட்டை கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்துக்கு வருகிற மாதம் ஊருக்குப் பத்துப் பேராவது வாருங்கள். வருமுன் உங்கள் ஊர் மதகை ஒரு தடவை திருகிப் பாருங்கள். சுற்றுகிறதா, ஒழுகுகிறதா, கம்பி இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பெண்கள் அவசியம் வர வேண்டும், நாற்று காய்ந்தால் முதலில் பார்ப்பது அவர்கள்தான். மனுவுக்கு ரசீது கொடுக்கும்வரை ஒருத்தரும் எழுந்து வர வேண்டாம்.