எல்லையில் காட்ட வேண்டிய சீட்டு

வில்லியனூரிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் மொபெட் ஓட்டிச் செல்லும் ஒரு தொழிலாளி எத்தனை எல்லைகளைத் தாண்டுகிறான் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அரியூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. திருவண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு எல்லாம் மறுபடியும் புதுச்சேரி. வளவனூர் மீண்டும் தமிழ்நாடு. தெற்கே பாகூர் கொம்யூனிலும் இதே கதைதான். கன்னியக்கோயிலைத் தாண்டி முள்ளோடையோடு புதுச்சேரி முடிகிறது. பெண்ணையாற்றுப் பாலத்தைக் கடந்தால் கடலூர். வீடு ஒரு சர்க்காரின் கீழ், வேலை இன்னொரு சர்க்காரின் கீழ். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எல்லை தாண்டாமல் இந்த வட்டாரத்து உழைப்பாளிக்கு அடுப்பு எரிவதில்லை.

இந்த எல்லையில் அவனை நிறுத்தி, “சீட்டு இருக்கிறதா?” என்று கேட்கிறார்கள். வண்டிப் புத்தகம், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ். மற்ற இரண்டையும் எப்படியோ எடுத்துக் காட்டிவிடுகிறான். மூன்றாவது சீட்டில்தான் தடுமாறுகிறான். “போன வருஷமே முடிந்துவிட்டதே” என்று அப்போதுதான் தெரிகிறது. அபராதம் கட்டுகிறான், அல்லது போலீஸ் இல்லாத சந்தாய்ப் பார்த்துச் சுற்றிப் போகிறான். அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறான்.

முடியவில்லை, தோழர்களே! அந்தச் சீட்டு போலீஸ்காரருக்காக அச்சடித்த சீட்டு அல்ல. சாலையில் அடிபட்டு விழுகிறவனுக்காக அச்சடித்த சீட்டு. இதை நம் மக்களிடம் எடுத்துச் சொல்லும் கடமையை நாம் சரியாகச் செய்யவில்லை. அதனால்தான் இன்று எழுதுகிறோம்.

எல்லையில் சீட்டுக் காட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ஏகாதிபத்தியம் இங்கே கொடி நாட்டியிருந்த காலத்தில் அரியூருக்கும் கண்டமங்கலத்துக்கும் இடையே ஓடியது சர்வதேச எல்லை. 1949-ல் பழைய சுங்க உடன்பாடு முடிவுக்கு வந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடிற்று. பக்கத்து ஊருக்குச் சாமான் கொண்டு போவதுகூட அந்நிய நாட்டுக்குக் கொண்டு போவதாயிற்று. அந்த எல்லையை எதிர்த்து இந்த வட்டாரத்துக் கிராமங்கள் எழுந்தன. 1954 மார்ச் மாதம் நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக் கொடி ஏறியது. அதே ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று வாக்களித்தனர். நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கை மாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது.

அன்றைய சீட்டு மனிதனைத் தடுப்பதற்காக ஏற்பட்ட சீட்டு. இன்றைய இன்ஷூரன்ஸ் சீட்டு மனிதனைக் காப்பதற்காக ஏற்பட்டது. இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கலாமா?

இந்த நாட்டில் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயமானது 1946 ஜூலை 1 முதல். இன்று அமலில் உள்ள 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவும் அதையே சொல்கிறது. ‘மூன்றாம் நபர்’ என்பவர் யார்? வண்டிக்காரர் ஒருவர், இன்ஷூரன்ஸ் கம்பெனி இன்னொருவர்; இவர்கள் இருவருக்கும் சம்பந்தமில்லாமல் சாலையோரத்தில் நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர், பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்தான் மூன்றாம் நபர். அதாவது நாம்! கார் வைத்திருப்பவர் நடப்பது குறைவு. நடப்பதும் சைக்கிள் மிதிப்பதும் உழைப்பாளிதான். ஆகவே இந்தச் சட்டத்தால் முதலில் பயன்பெற வேண்டியவனும் உழைப்பாளிதான்.

எல்லைக்கு எல்லை சட்டம் மாறும் உலகத்தில் இந்த உரிமையை எப்படிக் காப்பது? ஐரோப்பிய நாடுகள் இதற்கு ஒரு வழி கண்டன. நம் கிராமங்களைச் சுங்கச் சாவடிகள் நெருக்கிய அதே 1949-ல், ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியப் பொருளாதாரக் குழுவில் ஒரு சிபாரிசு எழுந்தது. அதன்படி 1953 ஜனவரி 1 முதல் ‘பச்சை அட்டை’ முறை நடப்புக்கு வந்தது. ஒரு நாட்டு வண்டி இன்னொரு நாட்டில் நுழையும்போது இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்பதற்கு அந்த அட்டையே அத்தாட்சி. பிரெஞ்சு வண்டி ஜெர்மனியில் ஒரு தொழிலாளியை இடித்துவிட்டால், அவன் பாரிசுக்கு ஓட வேண்டியதில்லை. ஜெர்மனியிலுள்ள இன்ஷூரன்ஸ் பணியகம் ஜெர்மன் சட்டப்படி அவனுக்கு நஷ்ட ஈடு கொடுத்துவிட்டு, பிரெஞ்சுக் கம்பெனியிடம் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். அடிபட்டவன் எல்லை தாண்ட வேண்டாம். பணம் எல்லை தாண்டி வரட்டும்! இதுதான் அந்த அட்டையின் தத்துவம்.

இந்தியா அந்த ஏற்பாட்டில் சேர்ந்த நாடல்ல. இங்கே எழுதிய பாலிசி இந்திய எல்லையோடு நின்றுவிடும். நேபாளத்துக்கோ பூட்டானுக்கோ லாரி ஓட்டும் தோழர்கள் அதிகப்படி பிரீமியம் கட்டி அந்நாட்டின் பெயரையும் பாலிசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்டுச் சட்டம் கேட்பதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அரியூரும் கண்டமங்கலமும் இன்று ஒரே நாடு. வில்லியனூரில் எடுத்த பாலிசி விழுப்புரத்திலும் செல்லும், காஷ்மீரத்திலும் செல்லும். இது கீழூரில் வாக்களித்தவர்கள் நமக்கு வாங்கிக் கொடுத்த சொத்துக்களில் ஒன்று.

இன்னொரு சொத்தும் உண்டு. பலருக்கு இது தெரியாது. பாகூர்க்காரர் ஒருவரைக் கடலூரில், கடலூர் வண்டி இடித்துவிடுகிறது. வழக்குக்காகக் கடலூருக்கு நடையாய் நடக்க வேண்டுமா? வேண்டியதில்லை. விபத்து நடந்த இடம், அடிபட்டவர் குடியிருக்கும் இடம் அல்லது தொழில் செய்யும் இடம், எதிராளி குடியிருக்கும் இடம் ஆகிய இவற்றில் எந்த இடத்து டிரைபியூனலிலும் மனுச் செய்யலாம் என்று 166-வது பிரிவு சொல்கிறது. “அயல் மாநிலத்து வண்டி, ஒன்றும் செய்ய முடியாது” என்று கை விரிக்கும் தரகர்களை நம்பி, அற்பத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

ஆனால் இந்த உரிமைகள் எல்லாம் நிற்கும் தூண் ஒன்றுதான்: இடித்த வண்டிக்கு அன்றைய தேதியில் உயிருள்ள இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் தீர்ப்புக் கிடைக்கும், பணம் கிடைக்காது. இடித்தவனும் நம்மைப் போன்ற கூலியாகவே இருந்துவிட்டால்? கால் இழந்தவன் குடும்பம் ஒரு பக்கம் தெருவில் நிற்கும். வீட்டையும் மாட்டையும் விற்றும் கடன் தீராமல் வண்டிக்காரன் குடும்பம் மறுபக்கம் நிற்கும். ஒரே சாலையில் இரண்டு உழைப்பாளிக் குடும்பங்கள் அழியும். நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் இன்ஷூரன்ஸ் இல்லாதவை என்று 2024-ல் நாடாளுமன்ற நிதி நிலைக்குழுவின் அறிக்கையே சுட்டிக்காட்டியது. இது சிறிய அபாயமா?

“நான் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறேன், எனக்கு எதற்கு?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. ஊருக்குள்ளேதான் குழந்தைகள் விளையாடுகின்றன. ஊருக்குள்ளேதான் கிழவி ரேஷன் கடைக்கு நடக்கிறாள். “கம்பெனிக்காரன் கொழுக்க நாம் ஏன் கட்ட வேண்டும்?” என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கோபம்தான். ஆனால் 1973 ஜனவரி 1 முதல் தேசவுடைமையான பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இன்றும் இருக்கின்றன. அங்கே போய்க் கட்டுங்கள். 2022 ஜூன் மாதம் மத்திய சர்க்கார் வகுத்த விகிதப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையிலான இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 714 ரூபாய். வரி சேர்த்தாலும் நாளொன்றுக்கு இரண்டரை ரூபாய் ஆகாது. ஒரு டீயின் விலையில் நாலில் ஒரு பங்கு கூட இல்லை! பிடிபட்டால் முதல் தடவைக்கே 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதச் சிறை அல்லது இரண்டும்; அடுத்த தடவைக்கு அபராதம் 4,000 ரூபாய்.

பலர் வேண்டுமென்றே கட்டாமல் விடுவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் இட்ட உத்தரவால், 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளை ஐந்தாண்டு மூன்றாம் நபர் இன்ஷூரன்சோடுதான் விற்க வேண்டும் என்றாயிற்று. நல்ல உத்தரவு. ஆனால் ஐந்தாண்டு நிம்மதியில் தேதியே மறந்து போகிறது. 2018 கடைசியில் வாங்கிய வண்டிகளின் முதல் சீட்டு 2023-லேயே காலாவதியாகிவிட்டது. இன்று இரவே உங்கள் சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள்!

சீட்டு இருந்தால் மட்டும் போதுமா? அது யாரைக் காக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கரும்பு வெட்டவும் நாற்று நடவும் ஆண்களையும் பெண்களையும் சரக்கு வண்டியில் மூட்டைகளைப் போல அடுக்கி எல்லை தாண்டி ஏற்றிப் போகிறார்கள். அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கலாம். ஆனால் சரக்கோடு செல்லும் சரக்குக்காரருக்கும் அவர் பிரதிநிதிக்கும் உண்டு. வண்டிக்காரரிடமே வேலை செய்யும் சுமைத் தொழிலாளிக்கு ஓரளவு உண்டு. வெறும் பயணியாக ஏற்றப்பட்டவருக்கு இல்லை. சரக்கு வண்டியில் இப்படிப் போகிறவர்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆட்களை வேலைக்கு அழைக்கும் முதலாளியும் மேஸ்திரியும் பயணிகள் வண்டியை அமர்த்தட்டும். கூலி கேட்கும்போதே வண்டியையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரு சர்க்கார்களையும் நாம் கேட்கிறோம்: சோதனைச் சாவடியில் மது பாட்டிலைத் தேடுவதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதில் காட்டக்கூடாதா? அபராதப் புத்தகத்தோடு நிற்காமல், சேதராப்பட்டிலும் திருபுவனையிலும் ஆலை வாசல்களில் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் முகாம் போடக்கூடாதா? டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகனிலும் உள்ள மின்னணுச் சான்று செல்லும் என்று 2018-ல் மத்திய விதிகளே திருத்தப்பட்டிருக்க, காகிதம் கொண்டு வா என்று எந்தத் தொழிலாளியையும் நிறுத்தி வைக்காதபடி உத்தரவிடக்கூடாதா? ஷிப்டுக்குத் தாமதமானால் அரை நாள் கூலி போகும் என்பது கோட்டையில் இருப்பவர்களுக்குத் தெரியாதா?

நமது தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. கிளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஊரிலுள்ள வண்டிகளின் இன்ஷூரன்ஸ் முடியும் தேதியை அதில் எழுதுங்கள். முடிவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். விபத்து நடந்தால் முதலில் ஆஸ்பத்திரி, அடுத்தது போலீஸ் நிலையம், மூன்றாவது வண்டியின் எண். இடித்த வண்டியின் உரிமையாளர் யார், இன்ஷூரன்ஸ் எந்தக் கம்பெனி என்ற விவரத்தைப் போலீசும் வாகனப் பதிவு அதிகாரியும் பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டும் என்று 160-வது பிரிவு கட்டளையிடுகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். பிச்சையாக அல்ல, உரிமையாக! மனுவுக்கு ஆறு மாதக் கெடு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள்; ஆகவே நாள் கடத்தாதீர்கள். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சமும் பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்க 164-வது பிரிவு இடம் தருகிறது. அதைக் கேட்பதா, முழு நஷ்ட ஈட்டுக்கு வழக்காடுவதா என்பதை நல்ல வக்கீலோடு கலந்து முடிவு செய்யுங்கள். இடித்த வண்டி இன்னதென்றே தெரியாமல் ஓடிவிட்டாலும் கை சோர வேண்டாம்: 2022-ம் ஆண்டுத் திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. மனுவை வட்டார வருவாய் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும்.

கீழூரில் கூடிய அந்த 178 பேரில் பெரும்பாலோர் கேட்டது, இந்தச் சாலையில் நம் மக்கள் அந்நியராக நிற்கக் கூடாது என்பதுதான். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உழைப்பாளி ஒருவனே. இப்பக்கத்து வண்டி அப்பக்கத்துக் குடும்பத்தை அனாதையாக்கிவிட்டு, “சீட்டு இல்லை” என்று கை விரிக்குமானால், அழித்த எல்லைக் கோட்டை நாமே மறுபடி கிழித்தவர்கள் ஆவோம். சட்டைப் பையில் சீட்டு இருக்கட்டும். போலீசுக்குப் பயந்து அல்ல. எதிரே நடந்து வருகிற தோழனின் உயிரை மதித்து!