ஜாடியை வனைந்தவர் மட்டும்தான் கலைஞரா? நதாலி கிரெப்ஸ் எழுப்பும் கேள்வி

ஒரு அழகான செராமிக் ஜாடியைப் பார்த்ததும் 'இதை யார் செஞ்சது?' என்றுதான் கேட்போம். பதிலாக ஒரே ஒரு பெயரை எதிர்பார்ப்போம். களிமண்ணைச் சக்கரத்தில் வைத்து உருவம் கொடுத்தவர் கலைஞர். மேலே இருக்கும் பூச்சைத் தயாரித்தவர் 'டெக்னிக்கல் ஆள்'. அவ்வளவுதான் நம் கணக்கு.

இந்தக் கணக்கைக் குழப்பிவிட்ட ஒரு பட்டறை டென்மார்க்கில் இருந்தது. பெயர் சாக்ஸ்போ. அதை உருவாக்கி, சுமார் 40 ஆண்டுகள் நடத்தியவர் நதாலி கிரெப்ஸ். அவர் கலைப் பள்ளியில் படித்தவர் இல்லை. பானை வனையும் பயிற்சியோடு தொழிலுக்கு வந்தவரும் இல்லை. ஆனாலும் 20-ஆம் நூற்றாண்டு டேனிஷ் செராமிக் வரலாற்றை அவரைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

யார் இந்த கிரெப்ஸ்?

1895-இல் ஆர்ஹூஸ் நகரில் பிறந்தவர். கோபன்ஹேகனில் உள்ள பாலிடெக்னிக் கல்லூரியில் வேதிப் பொறியியல் படித்து 1919-இல் பட்டம் பெற்றார். பெண்கள் மிகக் குறைவாகவே எட்டிப்பார்த்த படிப்பு அது. முடித்த கையோடு பிங் அண்ட் கிரோண்டால் என்ற புகழ்பெற்ற பீங்கான் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருடைய வேலை வேதியியல் சார்ந்ததுதான்.

அங்கே சுமார் பத்து ஆண்டுகள். அதே நிறுவனத்தில் பணியாற்றிய குன்னர் நைலுண்ட் என்ற வடிவமைப்பாளருடன் சேர்ந்து 1929 வாக்கில் சொந்தப் பட்டறை தொடங்கினார். இடம், கோபன்ஹேகனை ஒட்டிய கிளாட்சாக்ஸே. அந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் 'சாக்ஸ்போ' வந்தது. நைலுண்ட் சீக்கிரமே ஸ்வீடனின் ரோர்ஸ்ட்ராண்ட் நிறுவனத்துக்குப் போய்விட்டார். கூட்டாளி கிளம்பியதும் கடையைச் சாத்தியிருக்கலாம். கிரெப்ஸ் சாத்தவில்லை. பட்டறை பிறகு ஹெர்லெவ் என்ற இடத்துக்கு மாறியது. 1932-இல் ஏவா ஸ்டேர்-நீல்சன் என்ற இளம் செராமிக் கலைஞர் வந்து சேர்ந்தார். 1968-இல் பட்டறை மூடப்படும் வரை இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள்.

வேலைப் பிரிவினை எளிமையானது. ஏவாவும் பட்டறையின் மற்ற கலைஞர்களும் உருவம் கொடுத்தார்கள். கிளேஸ், அதாவது மேலே படியும் கண்ணாடிப் பூச்சு, கிரெப்ஸின் பொறுப்பு.

கிளேஸ் என்றால் பெயின்ட் இல்லையா?

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறோம். பெயின்ட் அடிக்கும்போதே நிறம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கிளேஸ் அப்படி இல்லை. பூசும்போது சாம்பலோ வெள்ளையோ கலந்த சேறு மாதிரிதான் இருக்கும். சூளையில் உருகி, ஆறிய பிறகுதான் அதன் உண்மையான முகம் தெரியும்.

கண்ணாடிக்கு அடிப்படை சிலிக்கா. அது தனியாக உருகச் சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஸ்டோன்வேர் சூளைகள் பொதுவாக 1,200 முதல் 1,300 டிகிரி வரைதான் போகும். அதனால் ஃபெல்ட்ஸ்பார், சுண்ணாம்பு போன்றவற்றைக் கலந்து உருகும் வெப்பநிலையைக் குறைக்கிறார்கள். உருகியது ஜாடியிலிருந்து வழிந்து ஓடாமல் இருக்க அலுமினா தேவை. இதில் ஒன்றின் அளவு மாறினாலும் மொத்தமும் மாறும்.

நிறம் இன்னும் விளையாட்டு காட்டும். இரும்பு ஆக்சைடு ஒன்றிரண்டு சதவீதம் இருந்து, சூளைக்குள் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் மென்மையான பச்சை கிடைக்கும். அதே இரும்பு எட்டு, பத்து சதவீதம் ஆனால் கருப்பு அல்லது அடர்பழுப்பு. செம்பு இன்னும் வேடிக்கை. காற்று நிறைய இருந்தால் பச்சை, குறைந்தால் ரத்தச் சிவப்பு. பளபளப்பா, மங்கலா என்பதைக் கலவையோடு சேர்த்து, சூளை எவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பதும் தீர்மானிக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். எந்த உருவத்துக்கு எந்தப் பூச்சு, அது எவ்வளவு கனமாக, எவ்வளவு மங்கலாக என்று முடிவெடுப்பது வெறும் 'டெக்னிக்கல்' வேலையா? சாக்ஸ்போவின் ஜாடிகளில் அலங்காரம் குறைவு. உருவங்கள் எளிமையானவை. பழைய சீனப் பாத்திரங்களின் அமைதியை நினைவூட்டும் பூச்சுகள்தான் கண்ணை இழுக்கும். ஒரே உருவத்தைக் கருப்பில் பார்த்தால் ஒன்று, மங்கலான பச்சையில் பார்த்தால் வேறொன்று. அந்த வித்தியாசத்தைக் கற்பனை செய்தவருக்கும் கலைஞர் என்ற பெயர் உண்டு.

'உருவமே ஏவா கொடுத்ததுதானே?'

நியாயமான கேள்வி. ஏவா ஸ்டேர்-நீல்சனின் கையும் கண்ணும் இல்லாமல் சாக்ஸ்போ இல்லை. இன்று ஏலங்களில் அந்த ஜாடிகளுக்கு உருவம் கொடுத்தவரின் பெயரே பெரும்பாலும் முன்னால் நிற்கிறது. அது அவருக்கு உரியதுதான். அந்தப் பெயரை எடுத்துவிட்டு கிரெப்ஸின் பெயரைப் போட்டால் அதுவும் அதே தவறின் மறுபக்கம்.

சரியான வழி, இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. சினிமாவில் இயக்குநருக்கு இணையாக ஒளிப்பதிவாளரையும் கொண்டாடக் கற்றுக்கொண்டுவிட்டோம். 'ஒளி அமைப்பது டெக்னிக்கல் வேலைதானே' என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஜாடிக்கும் அதே மரியாதையைத் தரலாம்.

டென்மார்க்கிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1890-களில் ராயல் கோபன்ஹேகன் நிறுவனத்தில், பூப்போல விரியும் படிகக் கிளேஸ்களை உருவாக்கிய வால்டெமார் எங்கல்ஹார்ட் ஒரு வேதியியலாளர். கிரெப்ஸ் ஒரு படி மேலே போனார். வேதியியலாளராகத் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்துவிடாமல், பட்டறையை அவரே நடத்தினார். எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று தரத்தையும் தீர்மானிக்கும் இடம் அது.

'சுயமாகக் கற்றவர்' என்பதன் அர்த்தம்

இந்த மாதிரி வாழ்க்கைக் கதை கிடைத்தால் சோஷியல் மீடியாவில் உடனே ஒரு வரி எழுதிவிடுவோம்: 'டிகிரி எல்லாம் தேவையில்லை, ஆர்வம் போதும்!' கிரெப்ஸின் வாழ்க்கை சொல்வது இது இல்லை. அவருக்கு டிகிரி இருந்தது, அது வேறு துறையில் இருந்தது. அந்தப் படிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு அவர் கலைக்கு வரவில்லை. அதையே கருவியாக எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கு மேல் பத்து ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே ஒரு தொழிலின் உள்ளும் புறமும் கத்துக்கிட்டார்.

கிளேஸ் வேலை யாருக்கும் ஒரே நாளில் பிடிபடாது. ஒரு பொருளின் அளவை மட்டும் மாற்ற வேண்டும், சுட வேண்டும், குறிப்பு எழுத வேண்டும், மறுபடி சுட வேண்டும். சூளையின் மேல்தட்டில் வந்த நிறம் கீழ்த்தட்டில் வராது. கெட்டுப்போனதையும் பாடமாக எடுத்துக்கொள்ளும் பொறுமை இல்லாதவருக்கு இந்தத் தொழில் ஒத்துவராது. சுயமாகக் கற்பது என்றால் ஆசிரியர் இல்லாமல் கற்பது. பாடம் இல்லாமல் கற்பது இல்லை.

இன்னொன்றையும் கவனிக்கலாம். எல்லாவற்றையும் தானே செய்துவிட வேண்டும் என்று கிரெப்ஸ் நினைக்கவில்லை. தன் பலம் எது என்று தெரிந்து, உருவத்தை அதில் தேர்ந்தவர்களிடம் விட்டார். வேலையை மாற்றலாமா என்று முப்பது வயதில் யோசிப்பவர்களுக்கு இது பயன்படும் பாடம். புதுத் துறையில் முதல் படியிலிருந்து தொடங்கத்தான் வேண்டும் என்று இல்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்று அந்தத் துறைக்கு எங்கே தேவைப்படுகிறது என்று தேடலாம்.

நதாலி கிரெப்ஸ் 1978-இல் காலமானார். சாக்ஸ்போ ஜாடிகள் இன்று கோபன்ஹேகனின் டிசைன்மியூசியம் டான்மார்க் போன்ற அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அடுத்த முறை நெட்டில் அப்படியொரு ஜாடியின் படம் கண்ணில் பட்டால், உருவத்தை ரசித்துவிட்டு, அந்த நிறத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். அதற்கும் ஒரு கலைஞர் இருக்கிறார்.