சிறைக்குப் போனால் கடன் தீருமா?

"ஜெயிலுக்கு வேண்டுமானால் போகிறேன், ஜீவனாம்சம் தரமாட்டேன்" என்று மார்தட்டும் ஆண்சிங்கங்கள் நம் புதுக்கோட்டைச் சீமையிலும் உண்டு. அவர்கட்குச் சொல்கிறோம்: போய் வந்தாலும் பாக்கி போகாது! சிறை என்பது பணத்தை வசூலிக்கும் வழி, பணத்துக்கு ஈடல்ல. 1988ஆம் ஆண்டிலேயே, குல்தீப் கவுர் வழக்கில், உச்சநீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகக் கூறிவிட்டது.

வேறுவித வீரரும் உண்டு. 2024 டிசம்பரில் கோவைக் குடும்பநல நீதிமன்றத்துக்கு ஒருவர் 80,000 ரூபாயைச் சில்லறைக் காசுகளாக மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். நோட்டாக மாற்றி வரும்படி நீதிமன்றம் திருப்பியனுப்பியது. பெண்ணை அலைக்கழிப்பதிலே அத்தனை ஆனந்தம்!

அலைக்கழிப்பது ஆண் மட்டுமா? சட்டமுந்தான். பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் அவள் மனுப் போடாவிட்டால் வாரண்டு கிடையாது. பழைய 125ஆம் பிரிவு போய், 2024 ஜூலையில் 144ஆம் பிரிவு வந்தது. நிபந்தனை மட்டும் போகவில்லை. கறம்பக்குடியிலே கூலிவேலை செய்யும் தாய், அன்றைய கூலியை இழந்து, பிள்ளையோடு பஸ் ஏறி வக்கீல் வீட்டுக்கு நடக்கவேண்டும். சர்க்காருக்குச் சேரவேண்டிய பாக்கியென்றாலோ, தாசில்தாரின் ஆட்கள் ஜப்திக்கு வாசலில் வந்து நிற்கிறார்கள். அதற்கு 1864ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது! அந்தக் கரங்கள் இவளுக்காகவும் ஏன் நீளக்கூடாது என்று கேட்கிறோம்.