சுட்டவரும் மறைத்தவரும்

அல்ஹாஜ் மாலிக் அல்-ஷபாஸ் என்னும் மால்கம் எக்ஸ் அவர்களைக் கொன்றவர் யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர் இரு அணியாகி நிற்கக் காண்கிறோம். "அவர் விலகி வந்த இயக்கத்தாரே சுட்டனர், வழக்கு முடிந்தது" என்பர் ஒரு சாரார். "எல்லாம் அமெரிக்க உளவுத்துறையின் வேலை; இயக்கத்தார்மீது வீண்பழி" என்பர் மறுசாரார். இரண்டையுமே நாம் மறுக்கிறோம்.

1965 பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரின் ஆடுபன் மண்டபத்தில் மனைவியும் பெண்மக்களும் அமர்ந்திருக்க, பேச எழுந்த அந்த 39 வயது மனிதர் மேடையிலேயே சுட்டு வீழ்த்தப்பட்டார். ஒரு வாரத்திற்கு முன்புதான் அவர் குடியிருந்த வீட்டின்மீது தீக்குண்டு வீசப்பட்டிருந்தது. சுட்டவருள் ஒருவரான தால்மட்ஜ் ஹேயரைக் கூட்டத்தாரே பிடித்தனர். தாம் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தவர் என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். கொலையாளியே ஒப்பியதை நாம் ஏன் மறுக்க வேண்டும்?

வழக்கு முடிந்தது என்போரையும் ஒன்று கேட்கிறோம். எந்த வழக்கு முடிந்தது? ஹேயருடன் முஹம்மது அஸீஸ், கலீல் இஸ்லாம் என்னும் இருவரும் 1966இல் ஆயுள் தண்டனை பெற்றனர். அவ்விருவரும் குற்றமற்றோர் என்று ஹேயர் அதே நீதிமன்றத்தில் கூண்டேறிச் சொன்னார், எவரும் செவிசாய்க்கவில்லை. தம்முடன் வந்தோர் வேறு நால்வர் எனக் குறித்து, 1977-78இல் சத்தியப் பிரமாணப் பத்திரமும் அளித்தார். அப்போதும் பயனில்லை. அஸீஸ் 1985இலும் இஸ்லாம் 1987இலும் கொலையாளி என்ற பெயரோடுதான் சிறையினின்று வெளிவந்தனர். 2021 நவம்பரில் அத்தண்டனைத் தீர்ப்பு நீக்கப்பட்டபோது அஸீஸுக்கு வயது 83. இஸ்லாம் 2009இலேயே மறைந்துவிட்டார். மறு ஆண்டு இழப்பீடாக 3 கோடியே 60 இலட்சம் டாலர் அளிக்க நகரமும் மாநிலமும் இசைந்தன. கபுறில் கிடப்பவருக்கு டாலர் எதற்கு?

தீர்ப்பு நீங்கியதன் காரணம் கவனிக்கத்தக்கது. இவ்விருவருக்குச் சாதகமான சான்றுகளை எஃப்.பி.ஐ.யும் நியூயார்க் காவல்துறையும் அன்றே கையில் வைத்திருந்தும் வெளியிடவில்லை. ஃபிக்ஹு நூல்களில் ஷஹாதத் பற்றிய பாடத்தைப் பல்லாண்டுகள் ஓதிக்கொடுத்தவர்கள் நாம். பொய் சாட்சி சொல்பவனைப் போலவே, அறிந்த சாட்சியத்தை மறைப்பவனும் பாவி என்பதை அங்கே முதலாண்டு மாணவனும் அறிவான். அரசாங்கத்தின் காப்பகம் மறைத்தால் மட்டும் அது வேறாகிவிடாது.

ஆயினும், மறைத்தது மெய்யானதால் ஏவியதும் மெய் என்று தாவுவோரோடு நாம் சேரமாட்டோம். காவல்துறையின் இரகசிய ஆள் ஒருவர் மால்கமின் மெய்க்காவலருள் ஒருவராகவே இருந்தார். வீழ்ந்தவரின் வாயில் வாய்வைத்து மூச்சூதியவரும் அவரே. உளவாளி அங்கிருந்தான் என்பதற்கு இது சான்று. காவல்துறையே கொல்லச் சொன்னது என்பதற்கன்று. எஃப்.பி.ஐ., சி.ஐ.ஏ., நியூயார்க் காவல்துறை மூன்றின்மீதும் மால்கமின் புதல்வியர் 2024இல் வழக்குத் தொடுத்தனர். சந்தேகத்தைக் கொண்டுபோக வேண்டிய இடம் அதுதான், பள்ளிவாசல் திண்ணையன்று.

ஹேயர் குறிப்பிட்ட நால்வருள் ஒருவர்கூட இக்கொலைக்காக எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை.