பேசும் பொறிக்கு எந்த ஊர்த் தமிழ்?

செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் பேசத் தொடங்கிவிட்டன. மைக்ரோசாப்ட் நிறுவனம் இலங்கைத் தமிழுக்கென ‘குமார்’, ‘சரண்யா’ என இரு குரல்களை அமைத்துள்ளது. நன்று! ஆயின், யாழ்ப்பாணமும் மலையகமும் மட்டக்களப்பும் பேசுவது ஒரே தமிழா?

பேச்சுத் தமிழ்களுள் இலக்கிய வழக்குக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழே என்று 1966இல் எழுதினார் செக் நாட்டறிஞர் கமில் சுவெலபில். கல்குடா உழவர் ‘பிறகு’ என்பதை ‘மறுகா’ என்பர். பயிருக்கு நோய் கண்ட நாளில் அவர் தம் வாய்மொழியில் வினவினால் பொறிக்கு விளங்குமா? விளங்காதெனில், திருந்த வேண்டியது அவர் நாவன்று!

வாழைச்சேனை வயலிலும் பாசிக்குடாக் கரையிலும் மக்கள் பேச்சை, அவர்தம் இசைவோடு, ஊதியம் கொடுத்து ஒலிப்பதிவு செய்யக் கோருகின்றோம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்க, இப்பணிக்குச் சென்னையையும் கொழும்பையும் நாம் எதிர்பார்த்திருப்பதேன்?